ஜீப்புக்கு ஒரு கட்டில்

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு நான் என் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். கியர் பாக்ஸ் ஆயில் மாற்றத்தான் உள்ளே போனேன். மூடியைத் திறந்தேன், பழைய ஆயிலைத் தட்டில் வடித்தேன், மூடியை முடுக்கினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வெளியே வருவது மட்டும் நடக்கவில்லை. இடுப்பில் ஏதோ ஒன்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் புரண்டாலும் வலி, அந்தப் பக்கம் புரண்டாலும் வலி. எனக்கு அறுபத்தேழு வயது. ஜீப்புக்கு என்னைவிடக் கம்மிதான். ஆனால் அது நின்றுகொண்டிருந்தது, நான் படுத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் வந்தார். என் காலுக்குப் பக்கத்தில் காபி டம்ளரை வைத்தார். "ஆறிடப்போவுது" என்று என் பாதங்களிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சமையலை ஏற்று ஒன்பது வருடமாகிறது. அடுப்பில் ஏதாவது இருந்தால் நின்று பேசமாட்டார். அரை மணி கழித்து மறுபடி வந்து டம்ளரைப் பார்த்தார்.

"இன்னாம்மா, குடிக்கவே இல்ல?"

"மாட்டிக்கிச்சிங்க."

"எந்த நட்டு? ஸ்பேர் பார்ட்ஸ் பாய் கடைக்குப் போன் போடட்டா?"

"நட்டு இல்லீங்க. நானு."

எதிர் வீட்டில் மாடு வைத்திருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு வந்தார். அவள் குனிந்து பார்த்து, "இன்னாக்கா இது, கன்னு மாதிரி இஸ்துதான் எடுக்கணும்" என்றாள். நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அந்த நிலையிலும் உத்தரவு போட்டது நான்தான். "காலப் புடிக்காத. எனக்கு அடியில இருக்கிற சாக்கப் புடி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுங்க. நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன்." மூன்று சொல்வதற்குள் இழுத்துவிட்டார்கள். மகளுடைய பழைய சுடிதார், அதன்மேல் வீட்டுக்காரரின் சர்க்கரை ஆலைச் சட்டை, அதன்மேல் தட்டிலிருந்து கவிழ்ந்த அரை லிட்டர் கறுப்பு ஆயில். அந்தக் கோலத்தில் வெயிலைப் பார்த்தேன்.

நர்ஸுக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் என்னைக் கல்வராயன் மலைக்குப் போட்டார்கள். வெள்ளிமலையைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு ஊசி, மருந்து, பிரசவம் எல்லாம் ஒரு ஜீப்பில்தான் போகும். அந்த ஜீப்பின் டிரைவர் மிக நல்ல மனிதர், மிகப் பெரிய உடம்பு. வண்டி நின்றுபோனால் அவரால் அடியில் போக முடியாது. நான் அப்போது விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருப்பேன். அதனால் அவர் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு "அந்த ரெண்டாவது போல்ட்ட லூஸ் பண்ணுங்க சிஸ்டர்" என்பார், நான் பண்ணுவேன். பிரசவ வலியில் ஒரு பெண் காத்திருக்கும்போது போல்ட் கழற்றக் கற்றுக்கொள்வதுபோல் வேகமாக வேறு எப்போதும் கற்றுக்கொள்ள முடியாது. பல வருடம் கழித்து அந்த ஜீப்பை உதவாது என்று ஏலம் விட்டார்கள். என்னோடு போட்டிக்கு நின்றவர் பழைய இரும்பு வியாபாரி. அவர் அதை எடைக்கு வாங்க வந்தார், நான் ஓட்ட வந்தேன். கடைசியில் அவரே, "எடுத்துக்கினு போங்கம்மா, நீங்க பாக்கற பார்வ சரியில்ல" என்று விலகிக்கொண்டார்.

அன்று முதல் கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருக்கிற எங்கள் வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில்தான் அது நிற்கிறது. ஓய்வு பெற்ற பிறகு வேறு வண்டிகளும் வர ஆரம்பித்தன. புதிதாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட டீச்சர்கள், தாலுகா ஆபீஸ் பெண்கள். மெக்கானிக்கிடம் சத்தம் எப்படி வருகிறது என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். என்னிடம் வாயாலேயே செய்து காட்டுவார்கள். "கர்ர்ர்னு வந்து, அப்பால டொக்னு நிக்குது நர்ஸம்மா." எனக்குப் புரிந்துவிடும். நோயாளிகளும் அப்படித்தானே சொல்வார்கள்.

இடுப்பு பிடித்த செய்தி பெங்களூரில் இருக்கிற மகளுக்கு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தது. சொன்னது வீட்டுக்காரர்.

"அம்மா, அத்த வித்துடு. இனிமே நீ கீழ படுத்தா யாரு எடுக்கறது?"

"எதிர் வூட்டுக்காரி எடுக்கறா. நல்லாதான் இழுக்கறா."

"வெளையாடாதம்மா."

வென்னீர்ப் பையை இடுப்புக்கு வைத்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தேன். படுத்திருந்தால் யோசனை வரும். சின்னப் பெண்களுக்கு நான் ஆஸ்பத்திரியில் முதலில் சொல்லிக்கொடுத்தது என்ன? குனிந்து வேலை செய்யாதே, கட்டிலை உன் உயரத்துக்கு ஏற்று. வாழ்நாள் முழுக்க நோயாளியை என் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துதான் வேலை பார்த்தேன். எந்த நோயாளிக்கு அடியிலும் போய்ப் படுத்ததில்லை. ஜீப்புக்கு மட்டும் ஏன் படுக்கிறேன்? பழுது என்னிடம் இல்லை, கொட்டகையிடம் இருக்கிறது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் "ரெண்டு பேர்கிட்டயும்தான் இருக்குது. ஆனா கொட்டகைய மாத்தறது சுளுவு" என்றார்.

அவர் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்த்தவர். கரும்பு லாரிகளை ஏற்றி இறக்கி எடை போட்டே வயதானவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். டேப்பை எடுத்துக்கொண்டு என்னைச் சுவர் ஓரமாக நிற்க வைத்தார். கை எட்டும் உயரம், குனியாமல் எடுக்கும் உயரம், உட்கார்ந்தால் எட்டும் உயரம் என்று பென்சிலால் சுவரில் மூன்று கோடு போட்டார். மறுவாரம் ஸ்பானர்கள் எல்லாம் தரையிலிருந்த தகரப் பெட்டியைவிட்டு மேலேறிப் பலகையில் தொங்கின. ஒவ்வொன்றின் உருவத்தையும் பலகையில் பெயின்டால் வரைந்து வைத்தேன். அறுவைச் சிகிச்சைக் கத்தரிகளை எண்ணி வாங்குகிற பழக்கம் எனக்கு. ஒன்று குறைந்தாலும் வயிற்றுக்குள் விட்டுத் தைத்துவிட்டோமா என்ற பயம் வரும். கழற்றிய நட்டுகளைப் போட ஆஸ்பத்திரியில் புழங்குகிற வளைந்த எவர்சில்வர் கிட்னி தட்டுகள் நான்கு. மேலே வெள்ளை விளக்கு இரண்டு வரிசை. இவற்றுக்கெல்லாம் மேலாகச் சக்கரம் வைத்த முக்காலி ஒன்று. உட்கார்ந்தபடியே டயருக்கு டயர் உருண்டு போகலாம்.

முக்காலி வந்த மூன்றாம் நாள் காணாமல் போனது. சமையலறையில் இருந்தது. அவர் அதில் உட்கார்ந்து அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே உருண்டுகொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அது பட்டறை சாமானுங்க."

"எனுக்கும் முட்டி இருக்குதில்ல?"

இரண்டாவது முக்காலி வாங்கினோம். ஆயில் பட்டது எனக்கு, மஞ்சள்தூள் பட்டது அவருக்கு.

இதெல்லாம் சரி, அடியில் செய்கிற வேலைக்கு என்ன வழி? நாங்கள் சாமான் வாங்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய்தான் யோசனை சொன்னார். எழுபது தாண்டியவர். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் யோசனை சொல்வதை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டவர்.

"குழி வெட்டுங்க நர்ஸம்மா. வண்டி மேல, நீங்க கீழ. நின்னுக்கினே வேல பாக்கலாம். படுக்கற வேலயே இல்ல."

வெட்டினோம். வீட்டுக்காரர் என் உயரத்தை மறுபடி அளந்து ஆழத்தைக் கணக்குப் போட்டார். உள்ளே செங்கல் கட்டி, சிமென்ட் பூசி, இறங்க ஐந்து படி வைத்தோம். இடம் கம்மியாக இருந்ததால் படி ஒவ்வொன்றும் ஓரடி உயரம். முதல் நாள் இறங்கி நின்றபோது ராணி மாதிரி இருந்தது. தலைக்கு மேலே ஜீப்பின் வயிறு. இரண்டு மணி நேரம் சந்தோஷமாகத் தேய்த்தேன், துடைத்தேன். பிறகு மேலே வரலாம் என்று முதல் படியில் காலை வைத்தேன். கால் ஏறியது. முட்டி ஏறவில்லை.

"ஏங்க!"

அவர் வந்து குனிந்து பார்த்தார். "படி ஓரடிதானம்மா. கணக்கு சரியாதான் இருக்குது."

"கணக்கு சரிதாங்க. முட்டிக்குக் கணக்கு தெரியல."

எதிர் வீட்டுப் பெண்ணைத்தான் மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. குழி ஓரத்தில் கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, போன தபா வண்டிக்கு அடியில. இந்த தபா அதுக்கும் அடியிலயா? அடுத்த தபா எங்கக்கா போவ?" சமையலறை முக்காலியைக் கீழே இறக்கி, சக்கரம் உருளாமல் செங்கல் அண்டை கொடுத்து, அதன்மேல் என்னை உட்காரவைத்து, அங்கிருந்து மேல்படிக்கு இழுத்தார்கள். இந்த முறை நான் மூன்று எண்ணும்வரை காத்திருந்தார்கள். அனுபவம் வந்துவிட்டது.

அந்த வாரமே நல்ல மழை. எங்கள் பக்கம் ஊற்றுநீர் சீக்கிரம் மேலே வரும். செங்கல் இடுக்கில் கசிந்து கசிந்து, காலையில் பார்த்தால் குழியில் பாதி தண்ணீர். தவளை இரண்டு வந்துவிட்டன. வீட்டுக்காரர் ஒரு குச்சியில் அங்குலக் கோடு போட்டு, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காலை மாலை பார்க்க ஆரம்பித்தார். பாய் ஒருநாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். குழியைப் பார்த்தார். கொஞ்சம்கூட முகம் மாறவில்லை.

"தண்ணி நல்லாருக்குதே நர்ஸம்மா. நாலு விரால் மீனு வுடலாம்."

"பாய், உங்க யோசனைதான் இது."

"அதனாலதான் சொல்றேன். வீணாவக் கூடாதில்ல?"

குழியை மூடினோம். வெட்டிய மண்ணை உள்ளே தள்ளி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே காரை போட்டோம். தவளைகளை மட்டும் முன்பே வாளியில் எடுத்து எதிர் வீட்டுக் கொல்லையில் விட்டேன்.

பாய்க்கும் மனசு கேட்கவில்லைபோல. அடுத்த மாதம் அவரே போன் செய்தார். சேலத்தில் ஒரு பட்டறைக்காரர் இடம் மாறுகிறார், பழைய லிஃப்ட் ஒன்றைக் கொடுக்கிறார் என்றார். இரண்டு பக்கமும் இரும்புத் தூண், தூணுக்கு இரண்டு கை. நான்கு கையும் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தும். போய்ப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் ஒரு கார் மெல்ல மேலே போனது. எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தோன்றியது: கட்டில்.

லிஃப்ட் வைக்கக் கொட்டகைக் கூரையை உயர்த்தவேண்டும். தூண் நிற்க ஆழமாகக் காங்கிரீட் போடவேண்டும். மூன்று பேஸ் மின்சாரம் வாங்கவேண்டும். மின்சார ஆபீஸில் விண்ணப்பத்தைப் பார்த்த பெண், "இன்னா தொழில்னு போடறதும்மா?" என்றாள். "தொழில் இல்லம்மா, ஆசை" என்றேன். அவள் சிரித்துவிட்டு, அதற்கு இதில் கட்டம் இல்லை என்றாள். கடைசியில் வீட்டு உபயோகம் என்று எழுதினோம். பொய்யில்லையே.

காங்கிரீட்டை வீட்டுக்காரர் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார். ஈரச் சாக்குப் போட்டு, ஒரு மாதம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். லிஃப்ட் தாங்குமா என்ற சந்தேகம் மட்டும் அவருக்குப் போகவில்லை. சேலத்துக்காரர் தாங்கும் என்று எழுதிக்கொடுத்தும் நம்பவில்லை. ஜீப்பை ஓட்டிக்கொண்டு பக்கத்திலிருந்த எடைமேடைக்குப் போகச் சொன்னார். நான் உட்கார்ந்து ஒரு முறை, இறங்கி நின்று ஒரு முறை எடை போட்டார். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என் எடை எவ்வளவு என்று வழியெல்லாம் கேட்டேன், சொல்லவில்லை.

முதல்முறை ஜீப்பைத் தூக்குகிற நாளுக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்திருந்தோம். காலை பத்தரை மணி. தூண்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். பாய் வெள்ளைத் தொப்பியும் புதுச் சட்டையுமாக முன்வரிசையில் நின்றார். நான்கு கையையும் ஜீப்பின் சட்டத்துக்கு அடியில் பொருத்தி, இரண்டு முறை சரிபார்த்து, எல்லோரையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். ஜீப் தரையைவிட்டு எழுந்தது. டயர்கள் காலைத் தொங்கவிட்ட குழந்தை மாதிரி தொங்கின. என் தலைக்கு மேலே போனதும் நிறுத்தினேன். பூட்டுக் கொக்கி டக் டக்கென்று விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் விளக்கு அணைந்தது. கரண்டு போய்விட்டது.

"போனா போவுது" என்றேன். "கொக்கி வுழுந்துடுச்சி. வண்டி எங்கயும் போவாது. வாங்க, சாப்புடலாம்."

வீட்டுக்காரர் அசையவில்லை.

"எறக்கும்மா" என்றார் மெதுவாக.

"கரண்டு இல்லாம எறக்க முடியாதுங்க. கொஞ்சம் மேல தூக்கினாதான் கொக்கி கழலும். தூக்கறதுக்குக் கரண்டு வேணும். ஏன்?"

அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சாப்பாடு எங்கங்க?"

விடியற்காலையில் எழுந்து அவர் செய்த புளிசோறு, வடை, சேமியா பாயசம் எல்லாம் ஜீப்பின் பின்சீட்டில் இருந்தன. காக்கைக்கும் எதிர் வீட்டுக் கன்றுக்குட்டிக்கும் பயந்து, பத்திரமான இடம் என்று அங்கே வைத்திருக்கிறார். நான் வண்டியின் அடியை இரண்டு முறை சரிபார்த்தேனே தவிர, உள்ளே பார்க்கவில்லை.

ஏணி போட்டு ஏறுகிறேன் என்று மூன்று பேர் முன்வந்தார்கள். மூன்று பேருக்கும் பிரஷர் பார்க்கிறவள் நான்தான். ஒருவரையும் விடவில்லை. எதிர் வீட்டுப் பெண் ஓடிப்போய் மாங்காய் பறிக்கும் தொரட்டியைக் கொண்டுவந்தாள். ஜீப்பின் பின்பக்கம் திறந்திருந்தது நல்லதாகப் போயிற்று. புளிசோற்று அடுக்கின் கைப்பிடியில் கொக்கியை மாட்டி அவள் இறக்க, கீழே வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கினார். வடைப் பையும் வந்தது. பாயசக் குண்டானுக்குக் கைப்பிடி இல்லை, விளிம்புதான். கொக்கி விளிம்பைப் பிடித்தது, வழுக்கியது. மேலே 'டொய்ங்' என்று ஒரு சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து ஜீப்பின் அடியில் முன்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. அதற்குள் பாய் முன்பக்கம் போய் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நடந்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. இடது காது கொஞ்சம் மந்தம்.

"நர்ஸம்மா, ஆயில் லீக்காவுது!" என்றார் வியாபாரி குரலில். ஒரு சொட்டை விரலில் ஏந்தினார். முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்தார். அவ்வளவு பேரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"ஆயில் இல்ல" என்றார். "ஏலக்கா ஜாஸ்தி."

வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஜாஸ்தி இல்ல பாய், சரியாதான் போட்டேன்" என்றார். எல்லோரும் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்துப் புளிசோறு சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடத்தில் அதன் அடியை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. மூக்குக்கு ஒரு சாண் மேலே, டார்ச் வெளிச்சத்தில், துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது நிமிர்ந்து நின்று, பகல் வெளிச்சத்தில், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் ஓரிடத்தில் துருப்பிடித்துக் காகிதம்போல் மெலிந்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. அந்தக் குழாயோடுதான் போன மாதம் இரண்டு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினேன். படுத்துக்கொண்டு பார்த்தவரை அது என் கண்ணில் படாத இடத்தில்தான் இருந்திருக்கிறது.

நான்கு மணிக்குக் கரண்டு வந்தது. ஜீப்பை இறக்கிப் பின்சீட்டைக் கழற்றிக் கழுவினோம். அப்படியும் ஒரு வாரம் எறும்பு வரிசையாக ஏறியது. பிரேக் குழாய்களை மொத்தமாக மாற்றினேன். எட்டு நாள் ஆயிற்று. எட்டு நாளும் நின்றுகொண்டே. சாயங்காலம் இடுப்பு வலித்தது உண்மை. ஆனால் அது வேலை செய்த வலி, மாட்டிக்கொண்ட வலி இல்லை. மகளுக்கு வீடியோவில் காட்டினேன். கொட்டகை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னாள். பிறகு, "அந்த லைட்டு எங்கம்மா வாங்கின? நல்லா இருக்குது" என்றாள். அவளிடமிருந்து இதுவே பெரிய சர்டிபிகேட்.

பிரேக்கைச் சோதிக்க மலையைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு வியாழக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் வெள்ளிமலைக்குக் கிளம்பினோம். முதல் சில வளைவுகளில் அவர் முன்கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. அரைமலை தாண்டியதும் கையை எடுத்து, பையிலிருந்த முறுக்கை எடுத்தார். அதிலிருந்து பிரேக் நன்றாக இருக்கிறது என்று எனக்கும் தெரிந்தது. மேலே போய்ச் சாமை அரிசி ஒரு மூட்டை வாங்கினோம். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, சொன்னதைவிட முக்கால் கிலோ கம்மி என்றார். தராசில் வைத்துப் பார்த்த கடைக்காரர் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரப் பெண் ஜீப்பைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரின் தலைமுடியையும் பார்த்தாள்.

"இவ்ளோ பழய வண்டிய யாருங்க ஓட்டிக்கினு வந்தீங்க?"

வீட்டுக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே என்னைக் காட்டினார்.

"அவங்கதாம்மா. நான் லோடு."